அடைமொழியும் செய்வினையும்: வினாத்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், திருப்புலிவனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும், சங்க அறிவிப்புகளை எழுதுவோருக்கும் பயன்படும் என்பதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இலக்கணம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் கைபேசியை எடுத்துவிட்டார்கள். பரவாயில்லை. ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். உத்திரமேரூரை ஒட்டியிருக்கிறது எங்கள் திருப்புலிவனம். புலிக்கால் முனிவர் என்று சொல்லப்படும் வியாக்ரபாதர் வழிபட்ட தலம் என்பது ஊர் வழக்கு. கோயிலில் இருப்பவர் வியாக்ரபுரீஸ்வரர். இந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள்: திரு, புலி, வனம். முக்கியமான சொல் கடைசியில் வரும் ‘வனம்’. என்ன வனம்? புலி வனம். எப்படிப்பட்ட புலிவனம்? திருப்புலிவனம். முன்னால் நிற்கும் இரண்டும் அடைகள். அதையே ‘வனப்புலி’ என்று மாற்றிப் போட்டால் ஊர் போய்விடும், புலி வந்து நிற்கும். அடை எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். இன்றைய பேச்சில் முதல் பாதி இதுதான். இரண்டாம் பாதி, ஒரு வாக்கியத்தில் வேலையைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது.

ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண்

இந்த வளாகத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார். வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. வாசலில் காவல் இருப்பவரின் மகனும், படிக்கட்டைப் பெருக்கும் அம்மாவின் மகளும் உண்டு.

அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சரிபாதி, 100 கேள்விகள், தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. இதற்கு 150 மதிப்பெண். இதில் குறைந்தது 60 எடுக்காவிட்டால் பொது அறிவும் கணக்கும் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்தப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கிய ஆணை 2021 டிசம்பரில் வந்தது. பல லட்சம் பேர் எழுதும் தேர்வு. ஒரே மதிப்பெண்ணில் ஒரு பெருங்கூட்டமே நிற்கும். ஒரு கேள்வி, அதாவது ஒன்றரை மதிப்பெண், ஒருவரை முன்னே தள்ளும் அல்லது பின்னே தள்ளும்.

தமிழ்ப் பகுதியில் தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினைத் தொடர்களைக் கண்டுபிடிக்கும் கேள்விகள் வருகின்றன. சொற்களை ஒழுங்குபடுத்தித் தொடராக்கும் கேள்விகள் வருகின்றன. பிழை திருத்தக் கேள்விகள் வருகின்றன. இவற்றுக்கு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் உள்ள ‘தொடர் இலக்கணம்’ என்ற பாடமே நல்ல அடிப்படை. பெரிய வழிகாட்டி நூல்களை வாங்கும் முன்பு அந்த ஒரு பாடத்தை மூன்று முறை படிக்கச் சொல்லுங்கள்.

பெயருக்கா, வினைக்கா?

அடை இரண்டு வகை. பெயரைச் சிறப்பித்தால் பெயரடை, வினையைச் சிறப்பித்தால் வினையடை. ‘நல்ல பையன்’ என்பதில் ‘நல்ல’ பெயரடை. ‘மெல்ல நடந்தான்’ என்பதில் ‘மெல்ல’ வினையடை.

தேர்வில் இப்படிக் கேட்பார்கள்: “அவள் ______ பாடினாள்.” விடைகள்: அழகான, அழகாக, அழகிய, அழகு. கோட்டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். ‘பாடினாள்’ என்ற வினை நிற்கிறது. ஆகவே ‘அழகாக’. அதே இடத்தில் ‘பாடலைப் பாடினாள்’ என்று இருந்தால்? ‘அழகான பாடலைப் பாடினாள்’ என்றும் சொல்லலாம், ‘அழகாகப் பாடலைப் பாடினாள்’ என்றும் சொல்லலாம். முதலாவதில் பாடல் அழகு, இரண்டாவதில் பாடிய விதம் அழகு. இரண்டும் இலக்கணப்படி சரி. அப்போது கேள்வியில் உள்ள மற்றச் சொற்களைப் பார்த்து எந்தப் பொருள் தேவை என்று முடிவு செய்ய வேண்டும்.

‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை என்று மனப்பாடம் செய்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ‘எனக்காக வந்தார்’ என்பதில் உள்ள ‘ஆக’ வேற்றுமைச் சொல்லுருபு. ‘தலைவராக இருந்தார்’ என்பதில் அது அவர் வகித்த பொறுப்பைச் சொல்கிறது. எப்படி வந்தார், எப்படிப் பாடினாள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் அது வினையடை.

இந்த ஒரு பாடம் சந்திப்பிழைக் கேள்வியிலும் கைகொடுக்கும். ‘ஆன’ வந்தால் பின்னால் வல்லினம் மிகாது: அழகான கோலம். ‘ஆக’ வந்தால் மிகும்: அழகாகக் கோலமிட்டாள். அதேபோல் ‘காட்டாத கணக்கு’ என்று எழுதும்போது க் வராது. ஈறு கெட்டு ‘காட்டா’ என்று நின்றால் ‘காட்டாக் கணக்கு’ என்று க் வரும்.

ஒரு, ஓர் என்பதும் அடைதான். இதில் பிள்ளைகள் பெயரைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது அடுத்து நிற்கும் சொல்லின் முதல் எழுத்து. ஓர் ஏரி. ஒரு பெரிய ஏரி. ஓர் அழகிய குளம். உயிரெழுத்து வந்தால் ஓர், உயிர்மெய் வந்தால் ஒரு. அதற்கும் அப்பால் என்ன பெயர் வருகிறது என்பது இங்கே கணக்கில்லை.

அடை தவறான இடத்தில் நின்றால்

‘உடைந்த கதவின் பூட்டு’ என்று புகார்ப் புத்தகத்தில் எழுதுகிறீர்கள். உடைந்தது கதவா, பூட்டா? தச்சரைக் கூப்பிடுவதா, பூட்டுக்காரரைக் கூப்பிடுவதா? பூட்டுதான் உடைந்தது என்றால் ‘கதவின் உடைந்த பூட்டு’ என்று எழுதினால் போதும். தமிழில் அடை தனக்கு மிக அருகில் உள்ள பெயரையே முதலில் பற்றிக்கொள்ளும். சிறப்பிக்க வேண்டிய சொல்லுக்குப் பக்கத்தில் அடையை வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘நேற்று நிறுத்திய வண்டியை எடுக்கச் சொன்னார்.’ நேற்று நிறுத்திய வண்டியா, நேற்று சொன்னாரா? ‘நிறுத்திய வண்டியை எடுக்கும்படி நேற்று சொன்னார்’ என்றால் சந்தேகம் இல்லை.

பெயரெச்சத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்கிறது நன்னூல்: செய்பவன், கருவி, இடம், செயல், காலம், செய்பொருள். எழுதிய ஆசிரியர், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். ‘எழுதிய’ ஒன்றுதான், ஆனால் எழுதியவர் ஆசிரியர் மட்டுமே. பேனாவோ அறையோ எழுதவில்லை. இதை உணர்ந்த பிள்ளைக்கு ‘நாய் கடித்த பையன்’, ‘நாயைக் கடித்த பையன்’ இரண்டுக்கும் உள்ள தூரம் புரியும். ஓர் ‘ஐ’ உருபில் பையனுக்கு ஊசி போடுவதா, நாய்க்குப் போடுவதா என்பது மாறிவிடுகிறது.

‘மட்டும்’ என்ற சொல்லையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பெரும்பாலும் தான் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் வரும். தமிழில் ‘மட்டும்’ பின்னால் ஒட்டிக்கொள்ளும். ‘பொருளாளர் மட்டும் கணக்கைப் பார்த்தார்’ என்றால் வேறு யாரும் பார்க்கவில்லை. ‘பொருளாளர் கணக்கை மட்டும் பார்த்தார்’ என்றால் ரசீதுகளைப் பார்க்கவில்லை. இரண்டு வாக்கியத்துக்கும் பொதுக்குழுவில் எழும் கேள்விகள் வேறு வேறு.

அடுத்தது வினையெச்சம். ‘கதவைத் திறந்து பூனை ஓடியது’ என்று எழுதினால் பூனையே தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டது என்று பொருள். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன்னைச் செய்தவரின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதி இருக்கிறது. எச்சத்துக்கும் முற்றுக்கும் ஒரே ஆள். ஆகவே ‘கதவைத் திறந்ததும் பூனை ஓடியது’ என்று எழுத வேண்டும். அப்படியானால் ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’ என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, பெய்தது மழை, நிரம்பியது ஏரி, இது பிழையா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ‘மழை பெய்ய’ என்ற பொருளில் ‘பெய்து’ நிற்கிறது என்று பழைய உரைகாரர்கள் இதை ஏற்றுக்கொண்டார்கள். காரணமும் விளைவுமாக வரும் இடத்தில் இது வழக்கு. பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது.

செய்தவர் யார்?

இப்போது இரண்டாம் பாதி. நான்கு பெயர்கள் பிள்ளைகளைக் குழப்புகின்றன: தன்வினை, பிறவினை, செய்வினை, செயப்பாட்டுவினை. நான்கையும் ஒரே வரிசையில் வைத்து மனப்பாடம் செய்வதால் வரும் குழப்பம் இது. இவை இரண்டு இரண்டு சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கேள்வி.

முதல் சோடியின் கேள்வி: தானே செய்தாரா, பிறரைச் செய்ய வைத்தாரா? ‘மகள் படித்தாள்’ தன்வினை. ‘அம்மா மகளைப் படிக்க வைத்தார்’ பிறவினை. வி, பி என்னும் விகுதிகளோ, வை, செய், பண்ணு என்னும் துணைவினைகளோ வந்தால் பிறவினையா என்று பாருங்கள்.

இரண்டாம் சோடியின் கேள்வி: எழுவாய் செய்ததா, எழுவாய்க்குச் செய்யப்பட்டதா? ‘காவலர் கதவைப் பூட்டினார்’ செய்வினை. ‘கதவு காவலரால் பூட்டப்பட்டது’ செயப்பாட்டுவினை.

செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கும்போது மூன்று மாற்றம். ‘ஐ’ ஏற்ற பெயர் உருபை விட்டுவிட்டு எழுவாயாகிறது. செய்தவர் ‘ஆல்’ ஏற்கிறார். வினையில் ‘படு’ அல்லது ‘பெறு’ சேர்கிறது. காலம் மட்டும் மாறக்கூடாது. ‘சங்கம் நூலகத்தைத் திறக்கும்’ என்பது ‘நூலகம் சங்கத்தால் திறக்கப்படும்’ என்று ஆகும். ‘திறக்கப்பட்டது’ என்று ஒரு விடை இருந்தால் அது தூண்டில். இன்னொரு தூண்டில் ஒருமை பன்மை. ‘தோட்டக்காரர் செடிகளை நட்டார்’ என்பது ‘செடிகள் தோட்டக்காரரால் நடப்பட்டன’ என்றே ஆகும். இப்போது எழுவாய் செடிகள். ‘நடப்பட்டது’ என்றால் தவறு.

செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டுவினை கிடையாது. ‘குழந்தை சிரித்தது.’ எதைச் சிரித்தது? பதில் இல்லை. விட்டுவிடுங்கள். ஆனால் ‘ஐ’ கண்ணுக்குத் தெரியாததாலேயே செயப்படுபொருள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ‘அவன் பாடம் படித்தான்’ என்பதில் ‘ஐ’ மறைந்து நிற்கிறது. எதைப் படித்தான்? பாடத்தை. ஆகவே செய்வினைதான்.

பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு.

ஒன்று, ‘படு’ வந்தாலே செயப்பாட்டுவினை என்று குறிப்பது. ‘அவர் ஊருக்காகப் பாடுபட்டார்’, ‘தங்கை ஆசைப்பட்டாள்’, ‘மாமா கோபப்பட்டார்’. இவற்றில் எழுவாயே பாடுபடுகிறது, ஆசைப்படுகிறது, கோபப்படுகிறது. வேறு ஒருவர் வந்து செய்யவில்லை. செயப்பாட்டுவினையில் ‘படு’வுக்கு முன்னால் பூட்ட, நட, திறக்க என்று ‘செய’ என்னும் எச்சம் நிற்கும். ‘பாடு’, ‘ஆசை’, ‘கோபம்’ பெயர்ச்சொற்கள்.

இரண்டு, ‘ஆல்’ வந்தாலே செய்தவர் என்று நினைப்பது. ‘அக்கா கத்தியால் பழத்தை நறுக்கினாள்.’ கத்தி கருவி, செய்தவர் அக்கா, தொடர் செய்வினை. ‘மழையால் பள்ளி மூடப்பட்டது.’ மழை காரணம். பள்ளியை மூடியவர் இந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை.

மூன்று, ‘பெறு’. ‘பரிசு பெற்றாள்’ செய்வினை. ‘பாராட்டப்பெற்றாள்’ செயப்பாட்டுவினை.

நான்கு, ‘படு’வும் ‘பெறு’வும் இல்லாத செயப்பாட்டுவினை. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் ‘உண்’, ‘ஆயிற்று’, ‘போயிற்று’ என்று முடியும் தொடர்களையும் இந்த வகையில் சேர்க்கிறது. நம் வீட்டில் ‘பாத்திரம் கழுவியாச்சு’ என்கிறோமே, அதுதான். கழுவியவர் யார் என்று சொல்லாமல் வேலை முடிந்ததைச் சொல்கிறோம்.

பலகையில் தொங்கும் வாக்கியங்கள்

தேர்வு எழுதாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வரும்போது வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் பலகையைக் குறை சொல்லவில்லை. எந்தக் குடியிருப்புக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இதே மொழிதான்.

‘நாளை தண்ணீர் நிறுத்தப்படும்.’ யார் நிறுத்துவார், எந்த பிளாக்கில், எத்தனை மணிக்கு, ஏன்? ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பி பிளாக் மேல்நிலைத் தொட்டியை பிளம்பர் நாளை காலை 10 மணி முதல் பகல் 1 மணி வரை கழுவுவார். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது.’ செய்பவரை எழுவாயாக வைத்ததுமே மற்ற விவரங்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

‘பராமரிப்புக் கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது.’ தானாகவா உயர்ந்தது? ‘பொதுக்குழு கட்டணத்தை உயர்த்தியது’ என்றால் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. ‘செயற்குழு உயர்த்தியது’ என்றால், அதற்கு அந்த அதிகாரம் உண்டா என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். கேட்க வழி இருப்பது சங்கத்துக்கு நல்லது.

‘வளாகம் தினமும் சுத்தம் செய்யப்படுகிறது.’ இந்த வாக்கியத்தில் விளக்குமாறு பிடித்தவர் காணாமல் போய்விட்டார். அவர் மகள்தான் சாயங்காலம் உங்கள் சமுதாயக் கூடத்து மூலையில் உட்கார்ந்து செய்வினை, செயப்பாட்டுவினை படிக்கிறாள். ‘நம் துப்புரவுப் பணியாளர்கள் தினமும் காலை 6 மணிக்கு வளாகத்தைச் சுத்தம் செய்கிறார்கள்’ என்று எழுதினால் பலகையில் கூடுதலாக அரை வரி இடம்தான் போகும்.

செயப்பாட்டுவினையே கூடாது என்று சொல்ல வரவில்லை. செய்தவர் யார் என்று தெரியாதபோது அதுதான் சரி. ‘மாடிப்படி விளக்கு உடைக்கப்பட்டுள்ளது.’ யார் உடைத்தார் என்று தெரியாமல் ஒரு பெயரை எழுவாயாக்கினால் அது பழி. பந்து விளையாடும் பிள்ளை ஒன்று கண்ணாடியை உடைத்துவிட்டால், பெயரைப் போடாமல் ‘கண்ணாடி உடைந்துவிட்டது, பெற்றோரிடம் பேசியாயிற்று’ என்று எழுதுவது மரியாதை. தெரிந்தே மறைப்பதும், தெரியாமல் விடுவதும், நாகரிகத்துக்காகச் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. எழுதும்போது இவற்றில் எதைச் செய்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குரூப் 4 தேர்வில் தேறுகிறவர்கள் கிராம நிர்வாக அலுவலராக, இளநிலை உதவியாளராக, தட்டச்சராகப் போய் உட்காருகிறார்கள். நாளை நமக்கு வரும் கடிதங்களை அவர்கள்தான் எழுதப் போகிறார்கள். ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பரிசீலித்தவர் யார், நிராகரித்தவர் யார் என்று இருந்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு முகவரியாவது கிடைக்கும். இந்தப் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வது இதனால்தான்.

உத்திரமேரூர்ச் சுவரில்

பக்கத்து ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியாது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதற்கான விதிகள். பிராமணச் சபையின் விதிகள் அவை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விதி எழுதிய விதத்தைப் பாருங்கள்.

உறுப்பினராகத் தகுதி உள்ளவர் யார்? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம் உள்ளவர். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருப்பவர். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவர். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இல்லாதவர். எல்லாமே அடைகள். ஒவ்வோர் அடையும் ஒரு கதவைத் திறக்கிறது அல்லது மூடுகிறது. 919ஆம் ஆண்டு விதியில் வயது 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டே ஆண்டில் திருத்தினார்கள். ஓர் அடையை மாற்றினால் யார் யார் உள்ளே வரலாம் என்பதே மாறும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடம் இல்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. ‘உறவினர்’ என்று ஒரே சொல்லில் விட்டிருந்தால் ‘நான் தூரத்துச் சொந்தம்தானே’ என்று யாராவது உள்ளே நுழைந்திருப்பார். அதனால் கல்வெட்டு உறவுமுறைகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. கடைசியில் சபையின் பணிப்படி இதை எழுதியவர் தன் பெயரையும் பொறித்திருக்கிறார். எழுதப்பட்டது என்று விட்டுவிடவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எழுதியவர் யார் என்று நமக்குத் தெரிகிறது. நம் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பத்து ஆண்டு கழித்துத் திறந்தால் யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று தெரியுமா? வீட்டுக்குப் போனதும் செயலாளர் ஒருமுறை பார்க்கட்டும்.

ஐந்து கேள்விகள்

பேசிக்கொண்டே போனால் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஆகாது. ஐந்து கேள்விகள் தருகிறேன். பெரியவர்களும் எழுதலாம்.

1. மாணவி வினாத்தாளை ______ படித்தாள்.
(அ) கவனமான (ஆ) கவனமாக (இ) கவனம் (ஈ) கவனத்தின்

2. செய்வினைத் தொடர் எது?
(அ) ஏரி ஊராரால் தூர்வாரப்பட்டது (ஆ) ஊரார் ஏரியைத் தூர்வாரினர் (இ) ஏரி தூர்வாரியாயிற்று (ஈ) ஏரி தூர்வாரப்பெற்றது

3. செயப்பாட்டுவினைத் தொடர் எது?
(அ) அவர் ஊருக்காகப் பாடுபட்டார் (ஆ) அவர் வெயிலால் துன்பப்பட்டார் (இ) அவர் ஊராரால் பாராட்டப்பட்டார் (ஈ) அவர் பாராட்டைப் பெற்றார்

4. பிழையற்றது எது?
(அ) ஓர் பெரிய ஏரி (ஆ) ஒரு அழகிய ஏரி (இ) ஓர் அழகிய ஏரி (ஈ) ஓர் நீண்ட ஏரி

5. மழையால், மக்கள், நிரம்பிய, கண்டனர், ஏரியை. ஒழுங்குபடுத்துக.

விடைகள். முதலாவது (ஆ): அடுத்து வருவது வினை. இரண்டாவது (ஆ): செய்தவர் எழுவாயாக இருக்கிறார், ‘ஏரியை’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது. மூன்றாவது (இ): ‘பாராட்ட’ என்ற எச்சத்தோடு ‘படு’ சேர்ந்திருக்கிறது, ஆனால் பாடு, துன்பம் இரண்டும் பெயர். நான்காவது (இ): அடுத்த சொல் ‘அ’ என்ற உயிரில் தொடங்குகிறது. ஐந்தாவது: ‘மழையால் நிரம்பிய ஏரியை மக்கள் கண்டனர்.’ ‘நிரம்பிய’ என்ற எச்சம் ‘ஏரி’யை ஒட்டி நிற்க வேண்டும். ‘மக்கள் மழையால் நிரம்பிய ஏரியைக் கண்டனர்’ என்பதும் சரியே. ஆனால் ‘நிரம்பிய மக்கள்’ என்று அடுக்கியிருக்கும் விடையைத் தொடாதீர்கள்.

முடிக்கும் முன் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, இந்த வளாகத்தில் வங்கியிலும் பள்ளியிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து, அந்த மூலையில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள்களிலிருந்து பத்துக் கேள்விகளை விளக்கினால் போதும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களோடு ஒரே பாயில் உட்காரட்டும். தமிழ் தெரியும் என்று நினைத்து இந்தப் பகுதியைப் படிக்காமல் போகிற நகரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர்.

இரண்டு, அடுத்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டும் முன், அதே பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்து இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: இதைச் செய்வது யார்? இந்த அடை எந்தச் சொல்லுக்கு? பதில் தெரியாவிட்டால் திருத்தி எழுதுங்கள். பிள்ளைக்குப் பயிற்சி, உங்களுக்குத் தெளிவான அறிவிப்பு.

 கைபேசியைக் கீழே வைத்துவிட்ட அந்த இரண்டு பேருக்கும் தனியாக ஒரு நன்றி.